பம்பாயும் பிளேக் நோயும்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் காய்ச்சலும் நெறிகட்டும் கண்டு பலர் அடுத்தடுத்து மாண்டனர். கோவாவிற் பிறந்த மருத்துவர் அகாசியோ வியகாஸ் அதனைப் பிளேக் என்று கண்டு கூறினார். மாண்ட்வி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம், எலிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் எலித்தெள்ளே நோயைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் ஆய்ந்து காட்டியது 1898-இல்தான். அதுவரை அழுக்கும் தீநாற்றமுமே காரணமெனக் கருதிய அதிகாரிகள், சாக்கடைகளிற் கார்பாலிக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தனர்.

அறியாமையினும் பெருந்தீங்கு செய்தது வன்முறை. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயுற்றோரைச் சுற்றத்தாரிடமிருந்து பிரித்துச் சென்றனர். பெண்களின் அக்குளையும் தொடையிடுக்கையும் அயலார் சோதித்தனர். 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது, கெடுபிடி மிகுந்தது. நோயாளியை மறைப்பதே குடும்பக் கடமையென மக்கள் எண்ணலாயினர். ஏறத்தாழ நகரத்தாரிற் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினர். ஓடியவர்களோடு நோயும் பயணம் செய்தது. பூனாவிற் படைவீரரைக் கொண்டு சோதனை நடத்திய அதிகாரி ராண்டு 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். அதே பூனாவில், நோயுற்ற சிறுவனைச் சுமந்து வந்து பேணிய சாவித்திரிபாய் ஃபுலே, தாமும் நோய்க்கு ஆளாகி மார்ச் 10 அன்று உயிர் நீத்திருந்தார்.

பைகுலாவில், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறு அறையொன்றில், ருசிய நாட்டு யூதரான வால்டெமார் ஹாஃப்கின் தடுப்பு மருந்தொன்றை ஆக்கினார். 1897 சனவரி 10 அன்று முதல் ஊசியைத் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டார். ஆனால் வெள்ளையர் ஊசியை மக்கள் நம்புவதெங்ஙனம்? அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞராயிருந்த மூன்றாம் ஆகா கான், தம் கோஜா சமூகத்தார் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர். ஹாஃப்கினின் அறிவுக்கு நிகராக இச்செயலையும் மதித்தல் வேண்டும் என்பது என் துணிபு. படைவீரர் கண்டு கதவடைத்த ஊர், தம்மவர் ஒருவர் கை நீட்டியது கண்டு தானும் கை நீட்டிற்று.

இந்நோயின் விளைவாகவே 1898-இற் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து, காற்றும் ஒளியும் புகச் சாண்ட்ஹர்ஸ்ட் சாலை முதலியவற்றை அது திறந்தது. வடக்கே தாதர், மாதுங்காப் பகுதிகளை மனைகளாக வகுத்தது. நம்மவர் பலர் பிற்காலத்திற் குடியேறி, கோயிலும் பள்ளியும் கண்ட மாதுங்காவின் மரநிழல் வீதிகள் இவ்வாறு வந்தவையே. இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த ஏழைகளிற் பெரும்பாலோர்க்கு அவ்வீதிகளில் மனை கிட்டவில்லை. அவர்கள் அருகிருந்த வேறு நெருக்கடிகளுக்கே பெயர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட தமிழர்க்கும், கூப்பிடு தூரத்தில் இருந்தும், அந்த அகன்ற தெருக்கள் எட்டவில்லை.