வேலியை வெட்டினவனும் அடையாற்றுப் புதரும்

எங்க கொல்லையைச் சுத்தி எங்கப்பா காலத்து வேலி ஒண்ணு இருந்தது. கல்லுக்கால் கம்பி வேலி இல்லீங்க, உயிர்வேலி. கிளுவை, நொச்சி, காரை, இடையில சூரைமுள், அதுமேல ஏறிக்கிடக்கிற கோவைக்கொடி, ஆதொண்டை. ஆறு வருசத்துக்கு முன்னால ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல அதை எடுத்தேன். வண்டி வாடகை ஒரு பக்கம், கம்பி வேலிச் செலவு ஒரு பக்கம். ஆனா மூணடி நிலம் கூடுதலா கிடைச்சது, பார்க்கவும் சுத்தமா இருந்தது. அப்பா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு. "வேலியில கை வெக்காதடா"ன்னு முந்தின வாரமே சொல்லிட்டாரு. அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை.

அதுக்கு அடுத்த ரெண்டாவது வருசம் கத்தரியில காய்ப்பு குறைஞ்சது. பூ இருக்கு, கொத்துக் கொத்தா இருக்கு, ஆனா பாதி உதிருது. பரங்கியில பிஞ்சு வெச்சு வெம்பி விழுது. என் வீட்டுக்காரி காலையில எழுந்ததும் ஆண்பூவைப் பறிச்சுப் பெண்பூவில தேய்ச்சுவிடுவா. ரெண்டு ஏக்கர்ல அது நடக்கிற காரியமா? தேனீப்பெட்டி வெச்சா சரியாயிடும்னு சொன்னாங்க. ரெண்டு பெட்டி வெச்சேன். பரங்கி கொஞ்சம் தேறிச்சு. கத்தரி தேறலை.

இதுக்கான பதில் எனக்கு ஊர்ல கிடைக்கலை, சென்னையில கிடைச்சது. அதுதான் இந்தக் கதை.

என் பொண்ணு மந்தைவெளியில இருக்கா. பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை அடையாறு பூங்காவுக்குக் கூட்டிப் போனாங்க. துணைக்குப் பெரியவங்க ரெண்டு பேர் வேணும்னு கேட்க, நானும் போனேன். பூங்கான்னதும் புல்வெளி, குரோட்டன்ஸ், ஊஞ்சல்னு நினைச்சுட்டுப் போனா, உள்ளே நுழைஞ்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வெட்டிப் போட்ட வேலி அங்கே நிக்குது! காரை இருக்கு, நொச்சி இருக்கு, சூரை இருக்கு, ஆவாரை பூத்துக்கிடக்கு. பேத்தி, "தாத்தா, இந்தச் செடி பேரு என்ன?"ன்னு ஒவ்வொண்ணா கேட்கிறா. எல்லாத்துக்கும் பேர் சொன்னேன். கூட வந்த டீச்சரம்மா என்னை ஏதோ விஞ்ஞானி மாதிரி பார்த்தாங்க. நான் என்ன செஞ்சுட்டு வந்தவன்னு அவங்களுக்குத் தெரியாதே.

அந்த இடத்தோட சரித்திரத்தை அப்புறம் தேடிப் படிச்சேன். அடையாறு கடல்ல சேருற இடத்துல, ஆத்துல இருந்து ஒரு கிளை வளைஞ்சு உள்ளே போகும். அதைச் சுத்தி உப்பங்கழி, சதுப்பு, புதர். நகரம் வளர வளர அந்த இடத்துல கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டினாங்க. சாக்கடை வந்து சேர்ந்தது. சீமைக்கருவேலம் மண்டிப்போச்சு. 1990கள்ல அங்கே கட்டடம் வர்றதை எதிர்த்து நகரத்து மக்கள் அமைப்புங்க நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. கடைசியில அரசாங்கமே அந்த இடத்தைச் சீரமைக்க ஒரு அறக்கட்டளை அமைச்சது. இப்போ அதுக்குப் பேரு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. மொத்தம் 358 ஏக்கர் திட்டம். அதுல முதல் 58 ஏக்கர் வேலை முடிஞ்சு, 2011 ஜனவரியில தொல்காப்பியப் பூங்கான்னு பேர் வெச்சுத் திறந்தாங்க. குப்பையை எடுத்து, கருவேலத்தைப் பிடுங்கி, தண்ணிக்கு வழி விட்டு, 170க்கும் மேல வகையில கிட்டத்தட்ட 90,000 செடி நட்டாங்க. எல்லாம் நம்ம கடற்கரை மண்ணுக்குச் சொந்தமான மரம், புதர், கொடி, கோரை.

அந்தச் செடிங்களுக்கு விதை எங்கேயிருந்து வந்தது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்துல ஒரு வகைக் காடு இருந்தது. உயரம் குறைவு, அடர்த்தி ஜாஸ்தி, கோடையிலயும் இலை உதிர்க்காது. உலர் பசுமைமாறாக் காடுன்னு புத்தகத்துல எழுதுறாங்க. விறகுக்கும் விவசாயத்துக்கும் வீட்டுக்கும்னு அது போயே போச்சு. மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் கோயில் காட்டுலதான். புதுச்சேரிக்குப் பக்கத்துல புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அப்படி ஒண்ணு. சாமிக்குப் பயந்து சுள்ளி ஒடிக்காம விட்டதால தப்பிச்ச காடு. ஆரோவில்ல 1973ல பிச்சாண்டிகுளம் காட்டை வளர்க்க ஆரம்பிச்சவங்க இந்த மாதிரி காட்டுச் செடிங்களைத்தான் வருசக்கணக்கா நாத்து விட்டுப் பெருக்கிக்கிட்டு இருந்தாங்க. அடையாறு பூங்காவை உருவாக்கினதும் அதே பிச்சாண்டிகுளத்து ஆளுங்கதான்.

அமெரிக்காவிலயும் இதே கதை நடந்திருக்கு. அங்கே நடு தேசத்துல ப்ரெய்ரின்னு கண்ணுக்கெட்டின தூரம் புல்லும் பூவுமா ஒரு பெரிய வெளி இருந்தது. உழுது உழுது மக்காச்சோளம் போட்டு அதைக் கிட்டத்தட்ட இல்லாம பண்ணிட்டாங்க. 1930கள்ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காரங்க மாடிசன் ஊர்ல ஒரு பழைய பண்ணை நிலத்துல திரும்ப அந்தப் புல்லை வளர்க்க ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி பழைய புல்லும் பூவும் அங்கே எங்கே மிஞ்சி நின்னது தெரியுமா? ரயில் பாதை ஓரத்துலயும் பழைய இடுகாட்டுலயும். அது ரெண்டும் கலப்பை போகாத இடம். நமக்குக் கோயில் காடு, அவங்களுக்கு இடுகாடு.

மயிலாப்பூர் பக்கமே சாட்சி இருக்கு. கபாலீசுவரர் கோயில் தல விருட்சம் புன்னை. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில்ல வன்னி. புன்னை கடற்கரை மணலுக்கு உரிய மரம், வன்னி வறண்ட நிலத்து மரம். கோயிலுக்குள்ள இருக்கிற மரமே அந்த மண்ணு முன்னால எப்படி இருந்ததுன்னு சொல்லுது. தி.நகர் எடுத்துக்குங்க. நீங்க துணி எடுக்கப் போற இடம் நூறு வருசத்துக்கு முன்னால ஏரி. மயிலாப்பூர் ஏரியை வெள்ளைக்காரங்க லாங் டேங்க்னு சொன்னாங்க. 1920கள்ல அதை வத்தவெச்சுத்தான் தியாகராய நகரை உண்டாக்கினாங்க. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு, லேக்தான் இல்லை. ஏரின்னா தண்ணி மட்டுமா? எந்த ஏரிக்கும் கரை உண்டு. கரையில பனை, புதர், எருக்கு, நொச்சி உண்டு. அதுல வண்டும் தேனீயும் உண்டு. ஏரி போனா எல்லாம் சேர்ந்துதான் போகும்.

கிண்டிக் காடு மட்டும் கொஞ்சம் தப்பிச்சது. கவர்னர் மாளிகையை ஒட்டி இருந்ததால அது பிழைச்சது. 1910ல காப்புக்காடு ஆக்கினப்போ 500 எக்டேருக்கு மேல. அதுல ஐஐடிக்கும் மத்ததுக்கும் போக, 1978ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்போ மிஞ்சினது சுமார் 270 எக்டேர்.

இப்ப என் கத்தரிக்கு வர்றேன். பூங்காவுல ஆவாரம்பூ மேல ஒரு கருவண்டு. விர்ர்ர்னு தனியா ஒரு சத்தம், பறக்கிற சத்தம் இல்லை. பூவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உடம்பை அதிர விடுது. அங்கே இருந்தவர் பிள்ளைங்களுக்கு விளக்கினாரு: ஆவாரம்பூவுல மகரந்தம் வெளியே தூசி மாதிரி இருக்காது, குழாய்க்குள்ள இருக்கும். நுனியில சின்ன ஓட்டை. உப்பு டப்பாவை ஆட்டினா உப்பு கொட்டுற மாதிரி, வண்டு அதிர்த்தாத்தான் கொட்டும். தக்காளிப் பூவும் கத்தரிப் பூவும் அப்படித்தான்னாரு. எனக்கு அங்கேயே புரிஞ்சு போச்சு. பெட்டித் தேனீக்கு இந்த அதிர்த்தற வேலை தெரியாது. கத்தரி தன் மகரந்தத்துலயும் காய்க்கும், ஆனா வண்டு வந்து உலுக்கினா காய்ப்பு கூடும். அந்தக் கருவண்டு பட்ட மரத்துலயும் காஞ்ச மூங்கில்லயும் துளை போட்டுக் குடியிருக்கும். இதே வேலை செய்யுற நீலப்பட்டைத் தேனீ உழாத மண்ணுலயும் மண்சுவத்துலயும் வளை போடும். என் வேலியில காஞ்ச கட்டை இருந்தது. வேலியடியில உழாத மண் இருந்தது. கத்தரி பூக்காத மாசத்துல அதுங்க சாப்பிட வேலியில வேற பூ இருந்தது. மூணையும் ஒரே நாள்ல ஜேசிபியில அள்ளிட்டேன்.

வேலி போனது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். காய்ப்புழுவுக்கு நான் அடிச்ச மருந்தும் ஒரு காரணம். அதையும் காலையில பூ விரிஞ்சிருக்கிற நேரத்துலதான் அடிச்சேன். ஆனா மருந்து அதுக்கு முன்னாலயும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்போ வண்டுங்க ஒளிய ஒரு இடம் இருந்தது.

ஒரே ஒரு தேனீயை நம்புறதும் ஆபத்து. 1991-92ல தாய் சாக்புரூட்னு ஒரு நோய் வந்து தென்னாட்டுல நம்ம நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கிட்டுப் போச்சு. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளாவுலயும் பெட்டி பெட்டியா காலி. பெட்டித் தேனீ போனாலும் காட்டு வண்டு இருந்தா மகசூல் ஓரளவு நிக்கும். ரெண்டும் போனா பூவைத் தேய்ச்சுவிட வீட்டுக்காரிதான் வரணும்.

எங்க பக்கத்து ஜனங்களுக்கு இந்தப் புத்தி முன்னாலயே இருந்தது. வேடந்தாங்கல் எங்க ஊருக்குத் தூரம் இல்லை. அங்கே ஏரியில பறவை எச்சம் விழுந்த தண்ணி பயிருக்கு உரம்னு விவசாயிங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவையைச் சுட்டப்போ, 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில, கலெக்டர் லயனல் பிளேஸ் கிட்டப் போய் பறவையைக் காப்பாத்த கௌல் எழுதி வாங்கினாங்க. பறவைக்குக் கௌல் வாங்கின ஜனம் வண்டுக்கு வாங்கலை. வேலி போகும்னு அவங்க கனவுலயும் நினைச்சிருக்க மாட்டாங்க.

இதுல ஒரு வார்த்தைக் கணக்கும் இருக்கு. தொல்காப்பியத்துல நிலத்துக்கு முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல்னு பேர். எல்லாம் செடி பேர், பூ பேர். வருவாய்த்துறைக் கணக்குல நன்செய், புன்செய், தரிசு, பொறம்போக்கு. வரி வர்றதா வராததான்னு பார்க்கிற கணக்கு அது. வரி வராத நிலத்தோட பேரு நம்ம ஊர்ல வசவாவே ஆகிப்போச்சு. நானும் அந்தக் கணக்குலதான் வேலியைப் பார்த்தேன். மூணடி வீண்னு தோணிச்சு. நகரம் அடையாத்துச் சதுப்பைப் பார்த்ததும் அதே கணக்குலதான். அவங்க திரும்பி வரப் பல கோடி செலவும் பல வருசமும் ஆச்சு. கிராமத்துல நாங்க இப்பத்தான் வெட்டுற கட்டத்துல இருக்கோம்.

மூணு வருசமா வேலியைத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கேன். கம்பிக்கு உள்பக்கம் நொச்சிக் குச்சி, கிளுவைப் போத்து ஊனினேன். ஆவாரை விதைச்சேன். காரையும் சூரையும் குருவி போட்ட விதையிலயே வந்துச்சு. மூங்கில் துண்டுங்களைக் கட்டி மோட்டார் கொட்டாய் ஓரத்துல தொங்கவிட்டேன். போன கார்த்திகையில கத்தரியில கருவண்டு ரெண்டு பார்த்தேன். பழைய காய்ப்பு இன்னும் வரலை, ஆனா பூ உதிர்றது குறைஞ்சிருக்கு. இதைப் பார்க்க அப்பா இல்லை. போன வருசம் தவறிட்டாரு.

நகரத்துல இருக்கிறவங்க நிறைய பேர், "மாடியில கத்தரி வெச்சேன், பூ நிக்கலை"ன்னு கேட்கிறீங்க. காலையில பூக்கொத்தை விரலால லேசா சுண்டிவிடுங்க, மகரந்தம் கொட்டும். அதைவிட நல்லது, அடுக்குமாடி காம்பவுண்டு ஓரத்துல ஒரு நொச்சி, ஒரு ஆவாரை வைங்க. எருக்கு தானா முளைச்சா பிடுங்காதீங்க. கருவண்டுக்கும் அது வேணும், வெந்தய நிறப் பட்டாம்பூச்சியும் அதுலதான் முட்டை வைக்கும். தோட்டக்காரர் காஞ்ச கிளையை எல்லாம் கூட்டி எரிக்காம மூலையில ஒரு குவியலா விடச் சொல்லுங்க. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். அந்த அசிங்கத்துலதான் வண்டு குடியிருக்கு.

போன வாரம் பக்கத்துக் கொல்லை அண்ணன் ஜேசிபிக்காரன் கிட்டப் பேசி முன்பணம் குடுத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். சாயங்காலம் போய்த் திண்ணையில உட்கார்ந்து இவ்வளவும் சொன்னேன். பொறுமையா கேட்டாரு. "நீ வெட்டிட்டுல்ல எனக்கு வந்து சொல்றே"ன்னாரு. ஆமாண்ணே, அதனாலதான் சொல்றேன்னேன். கடைசியில, கிழக்குப் பக்க வேலியை மட்டும் விடறேன்னு சொல்லியிருக்காரு. மத்த மூணு பக்கம் வர்ற திங்கக்கிழமை போகுது. அதுக்குள்ள அந்த வேலியில காய்ச்சிருக்கிற விதையைப் பொறுக்கிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்திருக்காரு. நாளைக்குக் காலையில நானும் என் வீட்டுக்காரியும் கோணிப்பையோட போறோம்.