எக்ஸ்எம்எல்: ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள்

நூலகப் பட்டியல்களைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் நிரல்கள் எழுதுவது என் தொழில். அதில் அடிக்கடி எழும் கேள்வி: ஒரு விவரத்துக்குப் பல மதிப்புகள் இருந்தால் எக்ஸ்எம்எல்லில் எப்படி எழுதுவது? எலிமென்டை உறுப்பு என்றும் அட்ரிபியூட்டைப் பண்பு என்றும் சொல்லிக்கொள்வோம்.

1998-இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0, ஓர் உறுப்பில் ஒரே பெயருள்ள பண்பு இருமுறை வருவதை அனுமதிப்பதில்லை. கு.ப.ரா.வும் பிச்சமூர்த்தியும் எழுதிய கதைகளின் தொகுப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலரும் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

<நூல் ஆசிரியர்="கு. ப. ராஜகோபாலன் ந. பிச்சமூர்த்தி"/>

(குறிச்சொற்கள் தமிழில் இருக்கலாம், விதி தடுப்பதில்லை.) 2001-இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் பட்டியல் வகை, இடைவெளியைத்தான் பிரிப்பானாகக் கொள்கிறது. இரண்டு எழுத்தாளர்கள் ஐந்து பேராகிவிடுவார்கள்! காற்புள்ளியும் உதவாது. நூலகர்கள் 'ராஜகோபாலன், கு. ப.' என்று எழுதுகிறவர்கள்.

என் பரிந்துரை, உறுப்பையே திரும்ப எழுதுவது:

<ஆசிரியர்>கு. ப. ராஜகோபாலன்</ஆசிரியர்>
<ஆசிரியர்>ந. பிச்சமூர்த்தி</ஆசிரியர்>

யார் பெயர் முதலில் என்பதும் இதில் காக்கப்படும்; பண்புகளின் வரிசைக்கோ பொருளே கிடையாது. டப்ளின் கோரின் 15 உறுப்புகளும் இப்படித் திரும்ப வரலாம். பிறந்த ஆண்டும் வேண்டுமென்றால், பெயரையும் ஆண்டையும் ஒரே ஆசிரியர் உறுப்புக்குள் வையுங்கள். தனித்தனியாக அடுக்கி, ஓர் ஆண்டு விடுபட்டுப்போனால், மிஞ்சிய 1902 கு.ப.ரா.வுடையதா பிச்சமூர்த்தியுடையதா என்று எந்த நிரலுக்கும் தெரியாது.

மொழிக் குறியீடுபோல உள்ளே இடைவெளியே வராத மதிப்புகளுக்கு ஒரே பண்பில் பட்டியல் போதும். எச்டிஎம்எல்லின் கிளாஸ் பண்பு அப்படித்தான் இயங்குகிறது.