நீர்ப்பறவைகளில் கன உலோகத் திரட்சி

நீர்ப்பறவைகளில் கன உலோகத் திரட்சி என்பது ஈயம், பாதரசம், காட்மியம் முதலிய கன உலோகங்கள் உணவு, நீர், சேறு ஆகியவற்றின் வழியாகக் காட்டு நீர்ப்பறவைகளின் உடலுள் புகுந்து, வெளியேறும் அளவை விட மிகுதியாகத் திசுக்களில் தங்கிவிடுவதைக் குறிக்கும். செம்பு, துத்தநாகம் போன்றவை உயிர்வாழச் சிறிதளவு தேவைப்படும் உலோகங்கள் ஆகும். ஈயம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றால் உடலுக்குப் பயன் எதுவும் இல்லை.

உடலை அடையும் வழிகள்

நீரில் கலக்கும் பாதரசத்தைச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது மிதவை உயிரிகள், சிறு மீன்கள், பெரிய மீன்கள் என ஒவ்வொரு படியிலும் செறிவு கூடி, மீனுண்ணும் நீர்க்காகம், நாரை, கொக்கு போன்றவற்றை அடைகிறது. இது உயிர்வழிப் பெருக்கம் எனப்படும். வாத்துகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குபவை. வேட்டைக்காரர் சுட்ட ஈய ரவைகளையும் அவை கல் என்று விழுங்கிவிடுவதால் ஈயம் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது.

திசுக்களில் பரவல்

* ஈயம்: அண்மையில் உட்கொண்டது இரத்தத்திலும், நெடுங்காலமாகச் சேர்ந்தது எலும்பிலும் காணப்படும்.
* காட்மியம்: பெரும்பாலும் சிறுநீரகத்தில் தங்குகிறது.
* பாதரசம்: கல்லீரல், சிறுநீரகம், மூளை, இறகு ஆகியவற்றில் சேர்வதுடன் முட்டைக்கும் கடத்தப்படுகிறது.

இறகு வளரும்போது மட்டுமே அதற்கு இரத்த ஓட்டம் உண்டு. எனவே முதிர்ந்த இறகு, தான் வளர்ந்த காலத்தில் இரத்தத்தில் இருந்த பாதரசத்தின் பதிவாக அமைகிறது. உதிர்ந்த இறகுகளைக் கொண்டு பறவையைக் கொல்லாமலே ஆய்வு செய்யலாம்.

விளைவுகள்

ஈயம் இரத்தச் சிவப்பணு உருவாக்கத்தைத் தடுத்து, சோகை, உடல் மெலிவு, சிறகுத் தளர்ச்சி ஆகியவற்றை உண்டாக்குகிறது. பாதரசம் நரம்பு மண்டலத்தைப் பாதிப்பதுடன் முட்டை பொரிக்கும் திறனையும் குறைக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது.

தமிழ்நாட்டில்

கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர்கள், நீலகிரி மாவட்டத்தின் ஆறு பறவை இனங்களுடைய இறகுகளில் கன உலோகங்களை அளந்து 2004இல் வெளியிட்டனர். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரச மாசு வெளிப்பட்டதை அடுத்து 2001இல் மூடப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வு, கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்ததாகக் கூறியது. ஏரி மீன்களிலும் பாதரசம் கண்டறியப்பட்டது.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பாக்சைட்டு வெட்டி எடுக்கப்பட்டது. அலுமினியம் கன உலோகம் அன்று. எனினும் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து மழைநீர் மண்ணை அரித்து நீர்நிலைகளில் சேர்க்கக்கூடும். மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் கிடைக்கும் பகுதியிலுள்ள டியூனைட்டுப் பாறைகளில் நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே மிகுந்துள்ளன. இம்மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடக்கையில் கழிவுநீரையும் சாயக்கழிவையும் ஏற்கிறது. எனவே இப்பகுதிப் பறவைகளின் திசுக்களில் உலோகம் காணப்பட்டால், அது பாறையிலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததா என்பதை அறிய, மலைமேல் ஓடைகளையும் நகருக்குக் கீழுள்ள நீர்நிலைகளையும் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

கட்டுப்பாடுகள்

நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைகளை ஐக்கிய அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் இத்தடை நடைமுறையில் உள்ளது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்புறுதி செய்தது.

முக்கியத்துவம்

மீனுண்ணும் பறவைகளும் மீனுண்ணும் மனிதரும் உணவுச் சங்கிலியில் ஒரே நிலையில் உள்ளனர். சப்பானின் மினமாட்டாவில் மனிதரிடையே நோய் 1956இல் அதிகாரப்பூர்வமாக அறியப்படும் முன்னரே, காகங்கள் பறக்க இயலாமல் வீழ்ந்ததும் பூனைகள் வலிப்புற்று இறந்ததும் காணப்பட்டன. இதனாலேயே நீர்ப்பறவைகள் சூழல் மாசின் சுட்டிகளாகக் கருதப்படுகின்றன.