பத்து மணி வரிசை

எங்கள் அலுவலகத்தில் லாகின் நேரம்தான் வருகைப் பதிவு. 10.10 தாண்டினால் லேட். மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் சி.எல். போய்விடும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு மென்பொருளுக்கு அப்டேட் போட்டார்கள். மறுநாள் காலை பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடி அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜரான நான் உட்பட பாதிப்பேர் லேட்.

நெட்வொர்க் கோளாறு என்றார்கள். கேபிள் மாற்றினோம், சுவிட்ச் மாற்றினோம். வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. மூன்றாவது வாரம் வந்த ஓர் இளைஞர்தான் கேட்டார்: "சார், மத்தியானம் மூணு மணிக்கு லாகின் பண்ணிப் பார்த்தீங்களா?" பார்த்தோம். இரண்டே வினாடி!

அந்த இரண்டு வினாடியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்படோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை உருவாக்கியது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஆனால் எல்லாம் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடி கிடந்தன. தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962-ல் அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்.

பிறகு பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸில் பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்தார்கள். அந்த உருமாற்றம் மிக வேகமாக நடந்ததுதான் வினை. ஒரு பி.டி.பி.-11/70 வினாடிக்கு 800 பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். ஆறு சிறிய எழுத்துகளில் அமைந்த எல்லாச் சொற்களையும் 107 மணி நேரத்தில் முடித்துவிடும் என்று ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன வைத்தியம், வேண்டுமென்றே மெதுவாக்குவது. டி.இ.எஸ். முறையை 25 தடவை அடுத்தடுத்து ஓட்டினார்கள். 1999-ல் வந்த பிகிரிப்ட் இன்னும் ஒரு படி மேலே: அதில் ஓர் எண் உண்டு, அதை ஒன்று கூட்டினால் நேரம் இரட்டிப்பாகும்.

எங்கள் அப்டேட் அந்த எண்ணை இரண்டு கூட்டியிருந்தது. அரை வினாடி இரண்டு வினாடியானது. சர்வருக்கு ஒதுக்கியிருந்ததோ ஒரே பிராசசர். நாங்கள் 180 பேர், எல்லோரும் பத்து மணிக்கு! வரிசையின் கடைசி ஆளுக்கு ஆறு நிமிடம். பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி என்டர் தட்டியவர்கள் (நானும்தான்) வரிசையை இன்னும் நீட்டினோம்.

"பழைய எண்ணுக்கே மாத்திடுங்க தம்பி" என்றேன்.

"வேண்டாம் சார். நாளைக்கு அந்தக் கோப்பு வெளியில போனா, திருடனுக்கும் வேலை நாலு மடங்கு சுலபமாயிடும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே விட்டேன். பிராசசர்களை நான்காக்கினார், என்டரை இரண்டாம் முறை தட்டினால் ஏற்காதபடி செய்தார். மறுநாள் 10.02-க்கெல்லாம் எல்லோரும் உள்ளே.

மூன்று வாரத்து லேட்களை ரத்து செய்யச் சொல்லிக் குறிப்பு அனுப்பினேன். அதற்குள் சம்பளப் பட்டியல் போய்விட்டது. சி.எல். மீதமில்லாத ஓர் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்திருந்தார்கள். அடுத்த மாதம் திரும்பக் கிடைத்தது. "நான் பத்து மணிக்கு முன்னாடியே வந்துட்டேன் சார்" என்று அவர் என்னிடம் முதல் வாரமே சொல்லியிருந்தார். பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.