விமானம் இல்லாத விமானந்தாங்கி

போன வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. சனிக்கிழமை ராத்திரி வேற. எங்க அருள்புரத்துல அது சம்பள நாள். பல்லடம் ரோட்டுல புரோட்டாக் கடை கல்லுச் சத்தம் ஓய நடுராத்திரி ஆயிடும், எப்படியும் தூக்கம் வராது. சரின்னு வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் ஆட உட்கார்ந்தேன். நம்ம கப்பல் 'ஹெர்மிஸ்'. பிரிட்டிஷ் விமானந்தாங்கி.

ஆட்டம் சூடா போச்சு. மேப்போட அந்தக் கோடியில இருந்த ஒரு போர்க்கப்பலைத் துரத்தி டார்பிடோ போட்டுட்டு இருந்தேன். கண்ணு முழுக்க விமானத்து மேல. தீவுக்குப் பின்னாடி நம்ம கப்பல் தனியா நிக்குதுங்கறதே மறந்து போச்சு. எதிரி டெஸ்ட்ராயர் ஒண்ணு பூனை மாதிரி பக்கத்துல வந்து சோலியை முடிச்சிட்டுப் போயிடுச்சு. கூட ஆடின நண்பன் கேட்டான்: "பிளேனை எல்லாம் எங்கடா விட்டுட்டு நின்னே?"

அந்தக் கேள்வி மண்டையில ஒட்டிக்கிச்சு. ஏன்னா நிஜ ஹெர்மிஸைப் பத்தியும் இதே கேள்வியைக் கேட்கலாம் மக்களே. அது மூழ்கின இடம் ஏதோ பசிபிக் நடுக்கடல் இல்லை. நம்ம மட்டக்களப்புக் கரையில இருந்து கூப்பிடு தூரம்.

கப்பலோட ஜாதகம்

ஹெர்மிஸுக்கு முன்னாடி விமானந்தாங்கின்னா, வேற எதுக்கோ கட்டின கப்பலை வெட்டி ஒட்டி மேல தளம் போட்டது. முதல்லயே விமானந்தாங்கியாத் திட்டம் போட்டு கட்ட ஆரம்பிச்ச முதல் கப்பல் இதுதான். 1918ல வேலை ஆரம்பிச்சாங்க, நம்ம ஊர் மேம்பாலம் மாதிரி இழுத்துட்டே போச்சு :-). நடுவுல ஜப்பான்காரன் 'ஹோஷோ'வை 1922 டிசம்பர்லயே கடற்படையில சேர்த்துட்டான். ஹெர்மிஸ் வந்தது 1924ல.

முன்னோடிகளுக்கு ஒரு சாபம் உண்டு, சீக்கிரம் பழசாயிடுவாங்க. 1942ல ஹெர்மிஸோட உச்ச வேகம் 25 நாட். தாங்கறது அதிகபட்சம் 20 விமானம், அப்ப இருந்தது டஜன் ஸ்வார்ட்ஃபிஷ்தான். அதாவது ரெட்டை இறக்கை, திறந்த காக்பிட். எதிர்ல வந்த ஜப்பானோட 'ஷோகாகு' 34 நாட் ஓடும், 70க்கு மேல விமானம் ஏத்தும்.

காத்திருந்து, கலைஞ்சு போன படை

1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்தாச்சு. மார்ச் 23ல அந்தமான் போயாச்சு. அடுத்து இலங்கைதான்னு எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 1ஐ ஒட்டி தாக்குதல் வரும்னு பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தகவல். அட்மிரல் சோமர்வில் தன் படையோட இலங்கைக்குத் தெற்கே போய்க் காத்திருந்தார்.

அவர் திட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பகல்ல மோதினா ஜப்பான் விமானங்கள் துவம்சம் பண்ணிடும். ஆனா அவர்கிட்ட இருந்த அல்பகோர் விமானங்கள்ல ரேடார் இருந்துச்சு. அதனால பகல்ல கண்ணுல படாம விலகி நின்னு, ராத்திரி நெருங்கி டார்பிடோ போடணும். தன் பலவீனம் தெரிஞ்ச ஆளோட திட்டம் இது.

ஆனா எதிரி சொன்ன தேதிக்கு வரலை. ஏப்ரல் 2 வரைக்கும் பார்த்தாங்க. தண்ணியும் எண்ணெயும் குறைஞ்சது. தகவல் தப்புன்னு முடிவு பண்ணி, மாலத்தீவுல இருந்த அட்டு பவளத்தீவு ரகசியத் தளத்துக்குக் கிளம்பிட்டார். 'டோர்செட்ஷயர்', 'கார்ன்வால்'னு ரெண்டு குரூசரைக் கொழும்புக்கு அனுப்பினார். ஹெர்மிஸையும் 'வாம்பயர்'ங்கற ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயரையும் திருகோணமலைக்கு. மடகாஸ்கர் படையெடுப்புக்கு ஹெர்மிஸைத் தயார் பண்ணணும்.

படை கலைஞ்ச பிறகுதான் விருந்தாளி வந்தார். ஏப்ரல் 4 சாயங்காலம், கனடா விமானப்படையோட பிர்ச்சல் தன் கேட்டலினா விமானத்துல இருந்து ஜப்பான் படையைப் பார்த்துட்டார். தகவலை அனுப்பிட்டே இருக்கும்போது சுட்டு வீழ்த்திட்டாங்க, உயிரோட கைதியாப் பிடிபட்டார். அவர் பார்த்தது அட்மிரல் நகுமோவோட 5 விமானந்தாங்கிகள்: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு. பேர்ல் ஹார்பரை அடிச்ச அதே கூட்டம். அந்த எச்சரிக்கையாலதான் கொழும்புத் துறைமுகத்துல இருந்த கப்பல்கள்ல பெரும்பாலானதை வெளியே அனுப்ப முடிஞ்சது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல குண்டு விழுந்துச்சு.

பையர் கலர் மாத்தின கதை

அன்னிக்கு நகுமோ கப்பல்கள்ல நடந்த ஒரு விஷயத்தைத் திருப்பூர்க்காரன் உடனே புரிஞ்சுக்குவான். கொழும்புக்கு முதல் அலை போயாச்சு. கப்பல் ஏதாவது தென்பட்டா அடிக்க, மீதி விமானங்கள்ல டார்பிடோ மாட்டித் தயாரா வெச்சிருந்தாங்க. கொழும்பை இன்னொரு தடவை அடிக்கணும்னு சேதி வந்துச்சு. உடனே டார்பிடோவைக் கழட்டி, தரையில போடற குண்டை மாட்டச் சொன்னார். வேலை நடக்கும்போதே "கடல்ல ரெண்டு குரூசர்"னு தகவல். மறுபடியும் குண்டைக் கழட்டி டார்பிடோவை மாட்டு!

துணி சாயப்பட்டறைக்குப் போன பிறகு பையர் கலரை மாத்தினா யூனிட் என்ன பாடுபடும்? அதேதான். ஒரே வித்தியாசம், இங்க சரக்குப் பக்கத்துல தீப்பொறி விழுந்தா கப்பலே போயிடும். டார்பிடோ தயாராகாததால, டைவ் பாம்பர்களை மட்டும் அனுப்பினாங்க. அதுவே போதுமா இருந்துச்சு. கிட்டத்தட்ட இருபதே நிமிஷத்துல ரெண்டு குரூசரும் காலி. 424 பேர் இறந்தாங்க.

ஜெயிச்சதால அந்தக் குழப்பத்துல இருந்து நகுமோ பாடம் படிக்கலை. அதே வருஷம் ஜூன் 4ல மிட்வேயிலயும் இதே மாத்து மாத்துன்னு மாத்திட்டு இருந்தப்ப அமெரிக்க டைவ் பாம்பர்கள் வந்துடுச்சு. இலங்கைக்கு வந்த அஞ்சுல அகாகி, சோர்யு, ஹிர்யு மூணும் அங்க முடிஞ்சது.

ஏப்ரல் 9

ஏப்ரல் 8ல இன்னொரு கேட்டலினா நகுமோவைத் திரும்பப் பார்த்தது. இந்தத் தடவை குறி திருகோணமலை. துறைமுகத்தைக் காலி பண்ணுங்கன்னு உத்தரவு. ராத்திரியே ஹெர்மிஸும் வாம்பயரும் கிளம்பி, கரையை ஒட்டித் தெற்கே போனாங்க.

விமானங்கள் எங்கே? கரையில, சீனக்குடா தளத்துல. விமானந்தாங்கி துறைமுகத்துல நங்கூரம் போட்டு நின்னா அதுல இருந்து விமானம் பறக்க முடியாது. காத்துக்கு எதிரா கப்பல் வேகமா ஓடணும். அதனால உள்ளே வர்றதுக்கு முன்னாடி விமானங்களைக் கரைக்கு அனுப்பிடறது வழக்கம். அவசரமாக் கிளம்பினப்ப அவை கரையிலயே நின்னு போச்சு.

காலைல ஜப்பானோட தேடும் விமானம் ஒண்ணு ஹெர்மிஸைப் பார்த்துடுச்சு. அது அனுப்பின ரேடியோ சேதியைப் பிரிட்டிஷ்காரங்களும் கேட்டுட்டாங்க. "திருகோணமலைக்கே திரும்பி வா"ன்னு உத்தரவு போச்சு. ஹெர்மிஸ் வடக்கே திரும்பி முழு வேகத்துல ஓடுச்சு. பத்தரை மணி வாக்குல 80க்கும் மேல டைவ் பாம்பர்கள் வந்துடுச்சு. மேல காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை. 40 குண்டு கிட்ட விழுந்திருக்கும். இருபது நிமிஷம்தான். கேப்டன் ஆன்ஸ்லோவோட சேர்த்து 307 பேர் போயிட்டாங்க. அடுத்து வாம்பயர். உதவிக்குப் புறப்பட்ட ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்றதுக்குள்ள ஹெர்மிஸ் இல்லை. 'வீடா'ங்கற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கமா வந்ததால கிட்டத்தட்ட 600 பேர் பிழைச்சாங்க.

இப்ப நேர்மையா ஒரு கேள்வி. அந்த டஜன் ஸ்வார்ட்ஃபிஷ் கப்பல்ல இருந்திருந்தா ஹெர்மிஸ் தப்பிச்சிருக்குமா? சண்டை போட்டெல்லாம் தப்பிச்சிருக்காது. அது ஃபைட்டர் இல்லை. ஆனா நாலு திசையும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கும். அன்னிக்கு ஹெர்மிஸ்கிட்ட இல்லாதது ஆயுதம்ங்கறதை விட கண்ணு. எதிரி எங்கேன்னு அதுக்குத் தெரியலை, அது எங்கேன்னு எதிரிக்குத் தெரிஞ்சு போச்சு. விமானந்தாங்கிக்கு மரண யோகம்னா இதுதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. அதே காலைல 9 பிளென்ஹெய்ம் குண்டு வீச்சு விமானங்கள் நகுமோ படைக்கு நேர் மேல போயிடுச்சு. அகாகி பக்கத்துல குண்டு விழுந்த பிறகுதான் அவங்களுக்கே தெரிஞ்சது. அந்தக் கப்பல்கள்ல ரேடார் கிடையாது. ஒண்ணும் படலை, வந்த ஒன்பதுல அஞ்சு திரும்பிப் போகலை. ஆனா பார்க்கத் தவறினா பெரிய கூட்டத்துக்கும் இதே கதிதான்னு அன்னிக்கே எழுதி வெச்ச மாதிரி இருக்கு.

நம்ம கரையில

இதே வாரத்துல, ஏப்ரல் 6ல, வேற ஒரு ஜப்பான் படையோட 'ரியூஜோ'வில இருந்து வந்த விமானங்கள் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவிலயும் குண்டு போட்டுச்சு. வங்காள விரிகுடாவுல 20க்கும் மேல சரக்குக் கப்பல் போச்சு. சென்னையைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு. ஜனங்க மூட்டை முடிச்சோட உள்ளூர்களுக்கு ஓடினாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஆபத்துன்னு மிருகக்காட்சி சாலையில இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டே கொன்னாங்க. சென்னைக்கு நகுமோ வரவே இல்லை. எதிரி எங்கே இருக்கான்னு தெரியாததோட விலையைச் சிங்கமும் புலியும்கூடக் கொடுத்துச்சு.

29 வருஷம் கழிச்சு அதே கடல்ல நம்ம 'விக்ராந்த்' பாடத்தைச் சரியாப் படிச்சிருந்துச்சு. 1971 நவம்பர் 14ல பாகிஸ்தானோட 'காஸி' நீர்மூழ்கி அதைத் தேடிக் கராச்சியில இருந்து கிளம்புச்சு. விக்ராந்த் சத்தமில்லாம அந்தமான் பக்கம் போயிடுச்சு. அது விசாகப்பட்டினத்துல இருக்கற மாதிரி காட்டறதுக்காக அங்க காய்கறி, இறைச்சி எல்லாம் ஏராளமா ஆர்டர் பண்ண வெச்சார், கிழக்குக் கடற்படைத் தலைவர் கிருஷ்ணன். டிசம்பர் 3-4 ராத்திரி விசாகப்பட்டினம் வாசல்ல காஸி மூழ்கிப் போச்சு. எப்படின்னு ரெண்டு நாடும் ரெண்டு கதை சொல்லும். விக்ராந்த்துக்குக் கொதிகலன்ல கோளாறு, முழு வேகம்கூட போக முடியாது. ஆனா எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியலை, விமானம் எல்லாம் கூடவே இருந்துச்சு. டிசம்பர் 4ல அதோட ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் மேல பறந்துச்சு.

கேம்ல எனக்கு எப்பவும் பிடிபடாத பாடம் இதுதான். எத்தனை கப்பலை அடிச்சோம்ங்கறது ரெண்டாவது. எதிரி எங்கே, நான் எங்கேன்னு முதல்ல பார்க்கணும். அதுல தோத்தா எனக்கு அடுத்த ஆட்டம் உண்டு. அந்த 307 பேருக்கு இல்லை.

ஹெர்மிஸ் இன்னும் அங்கேதான் கிடக்கு. கல்லடிக் கரைக்கு எதிர்ல, ஐம்பது மீட்டர் ஆழத்துக்கும் கீழே. டைவிங் தெரிஞ்சவங்க போய்ப் பார்த்துட்டு வர்றாங்க.

டிஸ்கி: மட்டக்களப்புப் பதிவர்களே, அந்த ஏப்ரல் காலையில கரையில நின்னு பார்த்ததா உங்க தாத்தா, அம்மம்மா யாராவது கதை சொல்லியிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. இந்தப் பக்கம் கப்பல், விமானம், அட்மிரல் பேர் எல்லாம் இருக்கு. கரையில நின்னவங்க பார்த்ததுதான் எங்கேயும் கிடைக்க மாட்டேங்குது.