பழைய மின்னஞ்சல்களின் தானியங்கி நீக்கம்

அஞ்சல் பெட்டி நிறைந்துவிடாதிருக்க, குறித்த வயதைக் கடந்த மடல்களை மென்பொருளே அழிக்கும் ஏற்பாடு. 2004இல் ஜிமெயில் 1 ஜிபி இடத்துடன் வந்தபோது, இனி எதையும் அழிக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பரவியது. இன்று அதன் இலவச 15 ஜிபியை கூகுள் டிரைவும் போட்டோஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் தீர்ந்தால் புதிய மடல் வந்து சேராது. ஸோஹோ நிறுவனத்தின் மெயில் சேவையும் இலவசத் திட்டத்தில் பயனருக்கு 5 ஜிபி என எல்லை வகுத்துள்ளது.

ஜிமெயிலில் குப்பைக்குப் போனவை 30 நாளில் அழியும். ஆனால் அதன் வடிகட்டிகள் தாமாக இயங்குவது மடல் வரும் கணத்தில் மட்டுமே. பின்னாளில் வயதைப் பார்த்து நீக்கமாட்டா. அதற்குக் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சிறு நிரல் எழுதி நாள்தோறும் ஓடவிட வேண்டும். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் ஒவ்வொரு கோப்புறைக்கும் நாள்கெடு வைக்கலாம். நட்சத்திரமிட்டவற்றை விலக்கி வைக்கவும் வழியுண்டு என்பதால் இதுவே பாதுகாப்பானது. ஆனால் சர்வரோடு ஒத்திசையும் ஐமேப் வகைக் கணக்கில், கணினியில் அழிவது சர்வரிலும் அழியும். ஆகவே பட்டா, வரி ரசீது போன்ற மடல்களை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும். இடத்தை அடைப்பவை பெரும்பாலும் இணைப்புக் கோப்புகளே. 10 எம்பிக்கு மேற்பட்டவற்றை முதலில் தேடி நீக்கினால், பழைய கடிதங்களைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது.