கல்முனைக் கரையோர ஊர்ப்பெயர்களும் குடும்ப வரலாறும்

ஊர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதனைச் சுட்டும் ஆட்சிப் பெயர்களோ காலந்தோறும் மாறுகின்றன. இவ்வுண்மையை மறந்து குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் தம் முன்னோரைத் தாமே தொலைத்துவிடுவர். இதற்குக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரம் தக்க சான்றாகும்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்கள் முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் வகுக்கப்பட்டபோது அதனுள் அடங்கின. ஆதலின், சாய்ந்தமருதில் ஒரே வீட்டில் 1959இல் தமையனும் 1963இல் தம்பியும் பிறந்திருப்பின், முன்னவன் பிறந்த மாவட்டம் மட்டக்களப்பு. பின்னவன் பிறந்தது அம்பாறை. மாகாணமும் அவ்வாறே. 1988இல் வடக்கும் கிழக்கும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றத் தீர்ப்பினால் மீண்டும் பிரிந்தன.

பழைய உறுதிகளிற் காணப்படும் பற்றுப் பெயர்கள் மற்றொரு சிக்கலை விளைவிக்கின்றன. கரவாகுப்பற்று என்பது பல ஊர்களைத் தழுவிய பிரிவு. அக்கரைப்பற்று என்பதோ பிரிவுக்கும் ஊருக்கும் பொதுப்பெயர். காரைதீவு என்றாலும் ஐயம் எழும்; யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முற்காலத்தில் அப்பெயரே பெற்றிருந்தது.

இக்கரையோரத்தில் தாய்வழிக் குடிமுறை நிலவுகின்றது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்கின்றான். ஆகவே நிந்தவூரிற் பிறந்தவனின் மக்கள் சாய்ந்தமருதிற் பிறத்தல் இயல்பே. எல்லாருக்கும் ‘மட்டக்களப்பு’ என்று மட்டும் எழுதிவிடின், அக்குடும்பம் ஊர்விட்டு ஊர் சென்ற வரலாறே மறைந்துவிடும்.

இது வெறும் எழுத்துப் பிழையன்று. 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர்களில் உயிர்களையும் உடைமைகளையும் கவர்ந்தது. பெட்டகங்களிலிருந்த பத்திரங்களும் அழிந்தன. பிறப்புப் பதிவின் பிரதியை மீளப் பெற விழைவோர் எப்பிரிவில் தேடுவது என்பதை அறிதல் வேண்டும். ஊர்ப்பெயர் தவறின் தேடலும் வழிதவறும்.

இன்று கணினி மென்பொருள்கள் இப்பணிக்குத் துணைபுரிகின்றன. 1984இல் தோன்றிய ஜெட்கொம் என்னும் பொதுமுறையில், இடப்பெயர் சிறியதிலிருந்து பெரியதாகச் செல்லும்: ஊர், மாவட்டம், மாகாணம், நாடு. ஊர்ப்பெயருக்கு ஓர் எழுத்து வடிவத்தையே எங்கும் கொள்ளல், நிகழ்ச்சி நடந்த காலத்து ஆட்சிப் பிரிவையே குறித்தல், பத்திரத்தில் உள்ளதை மாற்றாது குறிப்பிற் சேர்த்தல் ஆகிய மூன்றும் நல்விதிகளாம். பழைய பெயரை எழுதினால் இன்றைய வாசகர் இடமறியாது மயங்குவரே எனின், அதற்கும் விடையுண்டு. கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருளில் ஓர் ஊரை ஒருமுறை பதிந்து, அது எக்காலத்தில் எம்மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பதை ஆண்டுகளோடு இணைக்கலாம். அதனால் பழமையும் சிதையாது, தேடுவோரும் இடர்ப்படார்.

கருவி எதுவாயினும் கைக்கொள்ள வேண்டியது நேர்மையே. மூத்தோர் உள்ளபோதே ஊர், குறிச்சி, குடி ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்து வைக்கும் மாணவர், தம் வழித்தோன்றல்களுக்கு நிலத்தினும் நிலையான சீதனம் அளிப்பவராவர்.